சும்மா இருந்த வலக்கை

ஒரே ஆண்டு, ஒரே சிவப்பு,
இரண்டே இருக்கை, துணிக்கூரை.
ரோயானோவில் எட்சியோவின் கொட்டகைக்குள்
தோளோடு தோளாக நின்றன.
ஒன்றுக்கு இரண்டு பெடல், மற்றதற்கு மூன்று.
ஓடிய தூரம் இதில் நாற்பத்தோராயிரம்,
அதில் தொண்ணூற்றெட்டாயிரம்.
விலை மட்டும் தலைகீழ்:
அலைந்து தேய்ந்ததற்கு ஆயிரத்து எண்ணூறு யூரோ கூடுதல்.
"மேனுவல் இனி வராது, அம்மணி" என்றார் எட்சியோ,
பானை விற்பவரைப் போல் கதவைத் தட்டிக் காட்டி.

ஃபுல்வியோவைக் கூட்டிப் போயிருந்தேன்.
பிரிந்து பதினோரு வருடம்.
ஆனாலும் துரு எங்கே ஒளியும் என்று
த்ரியெஸ்தேயில் அவனளவு அறிந்தவர் இல்லை.
குனிந்தான், டார்ச் அடித்தான்,
சக்கர வளைவுக்குள் விரல் விட்டு முகர்ந்தான்.
எங்கள் வீட்டில் அந்த டார்ச்சை
ஒருநாளும் அடித்துப் பார்த்ததில்லை.

"ஆட்டோமேட்டிக்கை எடு, நிவெஸ்."
நகராட்சிப் பேருந்து ஓட்டுகிறவன்.
"என் இடது காலை வேலையை விட்டு அனுப்பிப் பத்தொன்பது வருடம்.
இதுவரை ஒரு புகார் இல்லை."

முதலில் மூன்று பெடல்.
ஸ்கொர்கோலா ஏற்றத்தில் சிவப்பு விளக்கு.
பின்னால் மீன் வண்டி, ஒரு முழ இடைவெளி.
கிளட்ச் எங்கே கடிக்கும் என்று தெரியாமல்
காலை எடுத்தேன். குலுங்கி அணைந்தது.
மறுபடி. மறுபடியும் அணைந்தது.
மீன்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.
ஃபுல்வியோ கடலைப் பார்த்தான்,
அங்கே ஏதோ அவசரம் என்பது போல.
மூன்றாம் தடவை பிடித்தது:
உள்ளங்காலில் ஒரு சின்ன நடுக்கம்,
தூண்டிலை மீன் தொட்டுப் பார்த்தாற்போல.
இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில் கரகரவென்றது.
"சின்க்ரோ தேய்ந்திருக்கு. அறுநூறு யூரோ" என்றான்.

சொல்ல மறந்தேன், நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன்.
நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டு,
கைக்கொன்றாய் இரண்டு குச்சி.
முப்பது டன் பெட்டிக்கும் வெறும் பெட்டிக்கும்
குச்சியில் ஒரே கனம்.
போரா காற்று வீசும் நாளில்
கம்பி ஆடுவதைக் கண்தான் சொல்லும்,
கை சொல்லாது.
இருபத்திரண்டு வருடமாக
எதன் பாரமும் தெரியாமல்
எல்லாவற்றையும் தூக்கியிருக்கிறேன்.

பிறகு இரண்டு பெடல்.
அதே ஏற்றம், அதே விளக்கு.
நின்றது, கிளம்பியது, என்னைக் கேட்கவே இல்லை.
எந்த கியர் என்பதைத் திரையில்
ஒரு சின்ன எண் வந்து அறிவித்தது.
இடது கால் இல்லாத பெடலை இரண்டு முறை மிதித்துவிட்டு
வெட்கி ஒதுங்கியது.
வலது கைக்கு வேலையில்லை,
தொடைமேல் கிடந்தது.
பார்கோலா தாண்டிக் கடலோரம் போனோம்.
கூரையைத் திறந்தோம். பேச வாய்த்தது, பேசினோம்:
அவன் அக்காவின் கண் ஆபரேஷன்,
பேருந்தில் ஒருவர் விட்டுப்போன செல்லோ.
சிரித்தேன்கூட.
அப்போதுதான் கண்டேன்.
ஃபுல்வியோவின் இடது கை
என் கைக்கு நாலு விரற்கடை தூரத்தில்
பார்க்கிங் தேடுகிற வண்டியாட்டம்
மெல்ல மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.

நல்ல கைதான்.
அதன்மேல் எனக்குப் புகார் இல்லை.
இதுவும் எவ்வளவு சுலபமாக,
எந்தக் கரகரப்பும் இல்லாமல்,
யாரையும் கேட்காமல்
தானே அடுத்த கியருக்கு மாறிவிடப் பார்த்தது!
ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தேன்.

சின்க்ரோவுக்காக முந்நூறு குறைக்கச் சொன்னேன்.
எட்சியோ இருநூற்றைம்பதில் நின்றார்.

ஸ்கொர்கோலாவில் இன்றும் சில நாள் அணைகிறது.
மூன்று ஒவ்வொரு முறையும் முதலில் மறுக்கிறது,
பிறகு வருகிறது.
போன ஞாயிறு பியாத்சா ஓபெர்தான் பக்கம்
அவன் பேருந்தை முந்தினேன்.
இரண்டு முறை ஹாரன் அடித்தான், குட்டி குட்டியாக.
கையசைத்திருப்பேன்.
மூன்றைப் போட்டுக்கொண்டிருந்தேன்.